விடுதலைப் பத்திரம்: கருப்பை, நாற்காலி, நிலம் – சட்டங்களின் சப்தமும் மௌனமும்

1

இரண்டு கையெழுத்துகளைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கட்டுரைக்குள் என்னால் போக முடியும்.

2010. ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அக்காவுக்கு இருபத்தாறு வயது. இரண்டாவது பிள்ளைக்கு எட்டு மாதம். மச்சான் லீவில் வந்துவிட்டுச் சவூதிக்குத் திரும்பியிருந்தார். பத்து வாரம். வேண்டாம் என்று அவள் முடிவு செய்து, மச்சானுக்குப் போனில் சொல்லியும்விட்டாள். நான் துணைக்குப் போனேன்; எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவன். படிவத்தில் அக்கா கையெழுத்துப் போட்டு நீட்டியபோது, "வீட்டு ஆம்பளை யாராச்சும் போடணுமே" என்றார் அங்கிருந்த நர்ஸ். நான் போட்டேன். உறவுமுறை என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதினேன். என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவளின் உடம்புக்கு நான் பொறுப்பாளி ஆனேன்.

2017. சார்பதிவாளர் அலுவலகம். அப்பா இறந்து ஓராண்டு. உச்சிப்புளிப் பக்கம் தாத்தா வழியில் வந்த தென்னந்தோப்பு, ஒண்ணரை ஏக்கர். அதில் தன் பங்கு வேண்டாமென்று அக்கா எனக்கு எழுதிக்கொடுத்தாள். ஊர் வழக்கப்படி எல்லாம் சுமுகமாக நடந்தது; வெளியே வந்து டீ குடித்தோம். அந்தத் தாளுக்குப் பத்திர எழுத்தர் சொன்ன பெயர்: விடுதலைப் பத்திரம். ஒரு பெண் தன் உரிமையை விட்டுக்கொடுக்கிற தாளுக்குத் தமிழில் விடுதலை என்று பெயர்! தமிழ் படித்தவனாகிய எனக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை.

முதல் கையெழுத்தைச் சட்டம் கேட்கவே இல்லை. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் கருக்கலைப்புக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்பது 1971ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டாவது கையெழுத்து, சட்டம் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25ஆம் தேதி முதல், அதுவரை திருமணமாகாத இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பிறப்புரிமை வந்தது. அக்காவுக்கு அப்போது வயது ஐந்து. அந்தத் தோப்பில் இருபத்தெட்டு ஆண்டுகள் அவள் பங்காளி. அவளுக்கே அது தெரியாது.

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுதிக்க. எம்பேரு வேணாம்" என்றாள். அவள் பெயர் இங்கே இல்லாததும் இந்தக் கட்டுரை பேசும் மௌனத்தின் ஒரு பகுதிதான்.

2

இடதுசாரி நண்பர்கள், தலித் அமைப்புத் தோழர்கள், தமிழ்த் தேசியம் பேசுபவர்கள், இரண்டு மூன்று கவிஞர்கள் என்று எங்கள் ஊரில் கூடிப்பேசும் வழக்கம் உண்டு. 2023 செப்டம்பரில் நாடாளுமன்றம் பெண்கள் இடஒதுக்கீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியபோது ஒரு மாலை முழுக்கப் பேசினோம். குரல்கள் உயர்ந்தன. ஒருவர் வெளிநடப்புச் செய்தார். ஓராண்டுக்கு முன், 2022 செப்டம்பர் 29 அன்று, திருமணமான பெண்ணுக்கும் ஆகாத பெண்ணுக்கும் கருக்கலைப்பில் பேதம் கூடாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த மாதக் கூட்டத்தில் அது பற்றி ஒரு சொல் பேசப்படவில்லை. நானும் பேசவில்லை.

ஒன்றுக்கு ஏன் இவ்வளவு சப்தம், மற்றொன்றுக்கு ஏன் இவ்வளவு மௌனம்? பெண்ணின் சமத்துவம் குறித்த சட்டமும் பெண்ணின் கருப்பை குறித்த சட்டமும் ஒரே உடலைப் பற்றியவைதானே!

அமெரிக்காவில் நிலைமை நேரெதிர். பாலினச் சமத்துவத்தை அரசியல் சட்டத்தில் எழுதும் திருத்தம் 1972 மார்ச்சில் அங்கே காங்கிரசில் நிறைவேறி மாநிலங்களின் ஒப்புதலுக்குப் போனது. 1973 ஜனவரியில் ரோ வழக்கில் கருக்கலைப்பு உரிமையானது. திருத்த வாசகத்தில் கருக்கலைப்பு பற்றி ஒரு எழுத்துகூடக் கிடையாது. ஆனால் ஃபிலிஸ் ஷ்லாஃப்லி என்ற பெண்மணியின் தலைமையில் கிளம்பிய எதிர்ப்பு, இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியது: சமத்துவம் வந்தால் கருக்கலைப்பும் வரும், குடும்பம் போய்விடும். பெண்களே சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வீட்டில் சுட்ட ரொட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சமத்துவம் வேண்டாம் என்றார்கள். 38 மாநிலங்கள் தேவை என்ற இடத்தில் 35இல் நின்று, 1982இல் கெடு முடிந்தது. கடைசி மூன்று மாநிலங்கள் 2017க்கும் 2020க்கும் இடையில்தான் ஒப்புதல் தந்தன. அதற்குள் காலம் கடந்துவிட்டது என்று வழக்கு. 2022 ஜூனில் ரோ தீர்ப்பும் போனது. அங்கே சமூகம் பிளந்தது ஒரே கோட்டில்தான்.

அயர்லாந்து வேறுவிதம். கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், கருச்சிதைவின்போது கருவை அகற்ற மறுக்கப்பட்டு, 2012 அக்டோபரில் கால்வே நகரில் இறந்தார். அந்த மரணம் கிளப்பிய கோபத்தின் தொடர்ச்சியாக 2018 மே மாத வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் கருக்கலைப்புத் தடையை நீக்கச் சொன்னார்கள். அதே மக்கள் 2024 மார்ச்சில், பெண்ணின் இடம் வீடு என்ற பொருள்படும் அரசியல் சட்ட வாசகத்தை மாற்றும் முன்மொழிவை ஏறத்தாழ முக்கால்வாசி வாக்குகளால் நிராகரித்தார்கள். புதிய வாசகம் சரியில்லை என்ற காரணமும் அதில் உண்டு. ஆனாலும் ஒன்று தெரிகிறது: இந்த இரண்டு கேள்விகளும் எல்லா இடத்திலும் ஒட்டிப்பிறந்தவை அல்ல. எதை எதோடு ஒட்டுவது, எதை எதிலிருந்து வெட்டுவது என்பதை அந்தந்தச் சமூகத்தின் அதிகார அமைப்பு தீர்மானிக்கிறது.

நம் ஊரில் வெட்டியது யார்?

3

1971ஆம் ஆண்டின் 34ஆம் சட்டம். 'மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம்'. இதை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். இலக்கணம் படித்தவன் செய்யக்கூடிய எளிய காரியம் அது.

சட்டத்தின் மையமான மூன்றாம் பிரிவின் எழுவாய் யார்? பெண் அல்ல. பதிவுபெற்ற மருத்துவர். இன்னின்ன நிபந்தனைகளின்படி கருவைக் கலைத்தால் மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார் என்பதுதான் அந்த வாக்கியம். கர்ப்பிணி அதில் செயப்படுபொருளாகக்கூட இல்லை, கர்ப்பம்தான் செயப்படுபொருள். பெண் எங்கே வருகிறாள்? சம்மதம் தருபவளாக, கடைசியில். 'எனக்கு வேண்டாம்' என்று அவள் சொல்வது இந்தப் பிரதியில் ஒரு காரணமே இல்லை. அவள் உயிருக்கு ஆபத்து, உடல் மன நலத்துக்குக் கேடு, குழந்தைக்கு ஊனம் – இவற்றில் ஒன்று இருப்பதாக மருத்துவர் நம்ப வேண்டும். கருத்தடைச் சாதனம் தோற்றுப் போனால் அதை மனநலக் கேடாகக் கொள்ளலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. 1971 வாசகத்தில் அந்தச் சலுகை 'திருமணமான பெண் அல்லது அவள் கணவன்' பயன்படுத்திய சாதனத்துக்கு மட்டும். 2021 திருத்தம்தான் அதைப் 'பெண் அல்லது அவள் துணை' என்று மாற்றியது. ஐம்பது ஆண்டுகள் ஆயின, ஒரு சொல் மாற.

இந்தச் சட்டத்துக்கு அடியில் இன்னொரு சட்டம் படுத்திருக்கிறது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 312: கருச்சிதைவு செய்வது குற்றம், தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளி. பொன்முடியார் பாட்டில் மகனைப் பெற்றுத் தருவதைத் தாய் தன் கடமையாக ஏற்றுக்கொள்கிறாளே, அந்தப் புறநானூற்றுப் பாட்டின் எண்ணும் 312தான். எண் பொருத்தம் தற்செயல். கடமை பற்றிய கருத்து அவ்வளவு தற்செயல் அல்ல. காலனியச் சட்டத்தை மாற்றிவிட்டோம் என்று பறைசாற்றி 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தக் குற்றம் 88ஆம் பிரிவாகக் குடியேறிவிட்டது. அதாவது இந்நாட்டில் கருக்கலைப்பு இன்றும் அடிப்படையில் குற்றம். 1971 சட்டம் மருத்துவருக்குக் கொடுத்த விதிவிலக்கு. 2009இல் சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கில் உச்சநீதிமன்றம் பிள்ளைபேறு பற்றிய முடிவைத் தனிமனித சுதந்திரத்தில் சேர்த்தது. தீர்ப்பில் பெண் தன்னிலை பெற்றாள். சட்டப் பிரதியில் இன்னும் தோன்றா எழுவாய்தான்.

நர்ஸ் என் கையெழுத்தைக் கேட்டது சட்டவிரோதம் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சட்டத்தின் இலக்கணத்துக்கு அது விரோதம் இல்லை. எழுவாய் காலியாக இருக்கும் இடத்தில் யாரோ ஒருவர் உட்கார வேண்டுமே. நான் உட்கார்ந்தேன்.

4

இந்தச் சட்டம் எப்படிச் சப்தமில்லாமல் வந்தது என்பதை அதன் பிறப்பைப் பார்த்தால் புரியும். 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு, 1966இல் அறிக்கை. அறைகுறை மருத்துவத்தால் சாகும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற உண்மையான அக்கறை அதில் இருந்தது; அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதை ஓட்டிச்சென்ற எஞ்சின் வேறு. 1967 முதல் 1970 வரை சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை அமைச்சராக இருந்து இதற்காக வாதாடிய எஸ். சந்திரசேகர் ஒரு மக்கள்தொகையியலாளர். 1974இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'நெரிசல் மிகுந்த உலகில் கருக்கலைப்பு'. தலைப்பில் பெண் இல்லை, நெரிசல் இருக்கிறது.

இதே மண்ணில் 1930களில் பெரியார் கர்ப்பத் தடை பற்றிப் பேசியதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். நாட்டின் பொருளாதாரத்துக்காக, குடும்பச் செழிப்புக்காகப் பிள்ளைகளைக் குறைக்கச் சொல்பவர்களிடமிருந்து தன்னை வேண்டுமென்றே பிரித்துக் காட்டினார் அவர். அவருக்குக் காரணம் ஒன்றுதான்: பெண் விடுதலை பெற வேண்டும், பிள்ளை பெறுவதே அதற்குத் தடை என்றால் பிள்ளையே வேண்டாம். 1929 செங்கல்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்ட இயக்கமே கருப்பையைப் பற்றியும் பேசியது. நிலமும் கருப்பையும் ஒரே வாக்கியத்தில் இருந்தன. பிறகு வந்த அரசு சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்தபோது அந்த வாக்கியம் உடைந்தது. கருப்பை சுகாதாரத் துறைக்குப் போனது. நிலம் வருவாய்த் துறையிலேயே இருந்தது. நாம், பகுத்தறிவுப் பாரம்பரியம் பேசுகிறவர்கள், அந்த உடைப்பைச் சாதனை என்று கொண்டாடினோம்.

சப்தம் எங்கே எழுந்தது என்று ஒரு பட்டியல் போட்டால் இது இன்னும் தெளிவாகும்.

இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா: பெண்ணுக்கு விவாகரத்து, சொத்தில் பங்கு. தில்லியில் ஊர்வலம், சாமியார்கள் மறியல், காங்கிரசின் பெருந்தலைகளே எதிர்ப்பு. மசோதா முடங்க, 1951 செப்டம்பரில் அம்பேத்கர் பதவி விலகினார். 1955–56இல் அது துண்டு துண்டாக நிறைவேறியபோதும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை இல்லை. அகில இந்திய அளவில் அது 2005இல்தான் வந்தது.

பெண்கள் இடஒதுக்கீடு: 1996 செப்டம்பரில் முதல் மசோதா. 1998இல் மக்களவையில் பிரதி பிடுங்கிக் கிழிக்கப்பட்டது. 2010 மார்ச் 9இல் மாநிலங்களவை நிறைவேற்றியது, மக்களவைக்கு வரவில்லை. 2023இல் நிறைவேறியபோதும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே என்று தள்ளிவைத்தார்கள்.

நெருக்கடி நிலை: 1976–77 ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள், பெரும்பங்கு ஆண்களுக்கு. நாடே கொந்தளித்தது, 1977 தேர்தலில் வட இந்தியாவில் இந்திரா காந்தி துடைத்தெறியப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். வற்புறுத்தல் கொடுமை, அதற்கு எதிரான கோபம் நியாயம். ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். அதே கத்தி பெண் உடலுக்குத் திரும்பியது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், குடும்பக் கட்டுப்பாட்டுக்காக அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம். எந்த அரசும் இதற்காகக் கவிழவில்லை.

ஆக, ஆணின் நிலம், ஆணின் நாற்காலி, ஆணின் உடல் – இவற்றைச் சட்டம் தொட்டால் சமூகம் இரண்டாகப் பிளக்கிறது. பெண்ணின் கருப்பையைத் தொட்டால் பிளப்பதில்லை. நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு: அமெரிக்கா மாதிரி இங்கே சண்டையில்லை, 1971லேயே முற்போக்காகச் சட்டம் போட்டுவிட்டோம் என்று. சண்டை இல்லாததற்குக் காரணம், அந்தச் சட்டம் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை என்பதுதான்.

இந்த இடத்தில் தலித் தோழர் ஒருவர் அன்றைய கூட்டத்தில் சொன்னதைப் பதிவு செய்தாக வேண்டும். "எல்லாச் சப்தத்தையும் ஆணாதிக்கம்னு ஒரே மூட்டையில கட்டிறாதீங்க." அவர் சொன்னது சரி. இடஒதுக்கீட்டுக்குள் பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள் ஒதுக்கீடு கேட்ட குரல் ஒரு நியாயமான குரல். அதைச் சொன்ன சிலர் முடி வெட்டிய பெண்கள் என்று கேலி பேசியதால் கோரிக்கை பொய்யாகிவிடாது. கோரிக்கை நியாயமாக இருப்பதால் கேலி மறைந்துவிடவும் செய்யாது. ஒரே வாயில் இரண்டும் இருந்தன என்பதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

5

மண்டபத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பஸ்ஸில் போனால், அரை மணி நேரத்துக்குள் மூன்று சொத்துச் சட்டங்களைக் கடந்துவிடலாம். தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கக் குடும்பத்து மகளுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் சம பங்கு. பாம்பன் இஸ்லாமியக் குடும்பத்து மகளுக்கு ஷரியத்தில் மகனின் பங்கில் பாதி. ராமேஸ்வரத்து இந்துவுக்கு 2005. ஏட்டில் மூன்று, நடப்பில் வேறு மூன்று. கிழக்கே போனால் இப்படி. தெற்கே கீழக்கரையில் மரைக்காயர் குடும்பங்களில் வீட்டை மகளுக்குக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே கொண்டுவரும் வழக்கம். ஏட்டில் பாதிப் பங்குக்காரியான பெண் சொந்த வீட்டில் இருக்கிறாள். ஏட்டில் சமபங்கு பெற்ற என் அக்கா வாடகை வீட்டில் இருக்கிறாள்.

பொது சிவில் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று ஷா பானு தீர்ப்பு வந்த 1985 முதல் நாடு அடித்துக்கொள்கிறது. ஆனால் ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. கருப்பைக்குப் பொதுச் சட்டம் ஏற்கனவே இருக்கிறது. 312ஆம் பிரிவு இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பெண் என்று பார்க்கவில்லை; 1971 சட்டமும் பார்க்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத்தில் கருக்கலைப்பு, செய்தவரைத் தானாகவே சபைக்கு வெளியே தள்ளும் குற்றம். ஆனாலும் மதச் சுதந்திரம் போயிற்றென்று எங்கள் கரையோரத்தில் யாரும் ஊர்வலம் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. நிலம் என்று வந்தால் ஒவ்வொரு மதத்துக்கும் தனித் தனி வேதம். கருப்பை என்று வந்தால் எல்லோருக்கும் ஒரே போலீஸ் ஸ்டேஷன், ஒரே ஆஸ்பத்திரி. ஆண்கள் எங்கே ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தச் சட்டங்கள் எதுவுமே தொடாத பெண்களும் இங்கே இருக்கிறார்கள். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கும் பெண்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. சேலைக்கு மேல் ஆண் சட்டை, விரல்களில் துணிச் சுற்று, கண்ணுக்குக் கண்ணாடி. 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா ஆனபோது அவர்கள் வேலை செய்யும் இடம் ஒரே நாளில் வனத்துறையின் இடமானது. வாரிசுரிமைச் சட்டம் அவர்களுக்கு எதைக் கொடுக்கும்? கடலுக்குப் பட்டா கிடையாது. அவர்களில் ஒருவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், வயிற்றில் பிள்ளையோடு முங்கப் போவதுண்டா என்று. சிரித்தார். "பின்ன? வயித்துல உள்ளது வயித்துல கெடக்கும். கஞ்சி யாரு ஊத்துறது?" அவரிடம் சமத்துவமும் கருப்பையும் தனித்தனிப் பிரச்சினைகளாக இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போகிற அந்த ஒரு உடம்பில் இரண்டும் இருக்கின்றன. பிரித்து வைத்தது நாம். சட்டம் படித்தவர்களும் கட்டுரை எழுதுபவர்களும்.

6

தனுஷ்கோடி மணலில் நின்றால் எதிரே தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள். ராத்திரியில் செல்போனில் அந்தக் கரையின் சிக்னல் கிடைக்கிற தூரம். அங்கே 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவு, நம்முடைய 312இன் தங்கை. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும் கருக்கலைப்பு. பாலியல் வன்முறையால் உண்டான கருவானாலும் குற்றம். 1995இல் அந்தக் கோவையைத் திருத்தியபோது பாலியல் குற்றங்கள் குறித்த பிரிவுகள் நிறைவேறின. கருக்கலைப்புத் தளர்வு எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. 2017இல் மறுபடி முயன்றார்கள். கத்தோலிக்க ஆயர்கள் எதிர்க்க அதுவும் நின்றுபோனது. 1931லேயே பெண்களுக்கு வாக்கு, 1960இல் உலகின் முதல் பெண் பிரதமர் என்று பேர் வாங்கிய நாடு அது. அதே நாட்டில் தேசவழமைச் சட்டத்தின்படி, யாழ்ப்பாணத்துத் திருமணமான தமிழ்ப் பெண் தன் சொந்த நிலத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்; 1911ஆம் ஆண்டு கட்டளைச் சட்டத்தின் ஏற்பாடு.

மண்டபம் முகாமில் இருக்கும் ஒரு பெண், படகு ஏறிய இரவில் ஒரு சட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு வந்துவிட்டார். அங்கே குற்றமாக இருந்தது இங்கே ஆஸ்பத்திரிச் சேவை. 1971 சட்டம் குடியுரிமை கேட்பதில்லை. ஆனால் அவருக்கு இங்கே வாக்கில்லை, நிலமில்லை. கருப்பை உரிமை மட்டும் தனியாக வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அவர் வாழ்வு ஒரு விளக்கம். நாற்காலி மட்டும் தனியாக வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் பஞ்சாயத்துகள். 2016இல் தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம். 2019 டிசம்பர் தேர்தலில் எத்தனையோ பெண்கள் வென்றார்கள். பலர் உண்மையாகவே ஆண்டார்கள். ஆனால் 'தலைவர் வீட்டுக்காரர்' என்ற ஒரு பதவியும் உண்டானது. எந்தச் சட்டத்திலும் இல்லாத பதவி. அங்கேயும் கையெழுத்து அவளுடையது, பேனா இன்னொருவருடையது. ஆஸ்பத்திரிப் படிவத்தையும் பஞ்சாயத்துத் தீர்மான நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

7

ஒரு மறுப்பை எதிர்கொள்ளாமல் முடிக்க முடியாது. 'சப்தம் இல்லாததே நல்லதாயிற்று. சண்டை வந்திருந்தால் இங்கேயும் தடைதான் வந்திருக்கும். மௌனம் பெண்களைக் காப்பாற்றியது.' இப்படிச் சொல்லும் பெண்ணிய நண்பர்கள் உண்டு. இதில் பாதி உண்மை. மௌனத்துக்குள் எத்தனையோ பெண்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள், என் அக்காவையும் சேர்த்து.

மீதிப் பாதி? கருக்கலைப்பு இங்கே பொதுவெளிக்கு வந்த ஒரே தருணம் பெண் சிசு பற்றிய பேச்சில்தான். 1986இல் உசிலம்பட்டி பற்றிய இந்தியா டுடே கட்டுரை, 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம், 1994இல் பாலினம் அறியும் சோதனைக்குத் தடைச் சட்டம். அவசியமான சட்டம்தான். ஆனால் அதில் தடைசெய்யப்பட்டது பாலினம் அறிவது; கருக்கலைப்பு அல்ல. சுவரொட்டிகளும் பட்டிமன்றங்களும் இரண்டையும் குழப்பி, கருக்கலைப்பே கொலை என்ற சொல்லாடலைப் பரப்பின. பெண் சிசு வேண்டாம் என்று முடிவெடுக்கும் குடும்பமும் மருத்துவமனையில் ஆண் கையெழுத்துப் போடும் குடும்பமும் ஒன்றே என்று சொல்ல நம்மிடம் மொழி இல்லாமல் போனது. உரிமை என்று ஒருபோதும் கேட்காததால், உரிமைக்கும் கட்டாயத்துக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை.

இப்போது காற்று திசை மாறுகிறது. 1976இல் 42ஆவது திருத்தம் மக்களவை இடங்களின் பங்கீட்டை உறைய வைத்தது. பிள்ளைகளைக் குறைத்த மாநிலம் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக. அந்த உறைபனி உருகும் பயத்தில், 2024 அக்டோபரில் அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒரு திருமண மேடையில் பதினாறும் பெற்று வாழ்க என்ற பழைய வாழ்த்தைக் காட்டி, பதினாறு பிள்ளை பெற நினைக்கும் நிலை வந்துவிட்டதே என்றார். 2025 மார்ச்சில், தாமதிக்காமல் பிள்ளை பெறுங்கள் என்றார். வேடிக்கையாகச் சொன்னதாகவே இருக்கட்டும். ஆந்திரத்திலும் அதே குரல். தெற்கின் இடங்கள் குறையக் கூடாது என்ற அரசியல் கோரிக்கை முற்றிலும் நியாயம்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கேள்வி வேறு: நாற்காலிக் கணக்கை நேர்செய்யக் கருப்பையைக் கூப்பிடுகிற இந்த இலக்கணம் எங்கிருந்து வந்தது? அன்றைக்கு நெரிசல் குறைய மூடச் சொன்னது, இன்றைக்கு எண்ணிக்கை கூடத் திறக்கச் சொல்கிறது. எழுவாய் இரண்டு முறையும் அரசுதான்.

விசித்திரம் பாருங்கள். பெண்களின் நாற்காலியும் அதே கணக்கெடுப்பு, அதே மறுவரையறையின் வாசலில்தான் நிறுத்தப்பட்டது. நிலத்தையும் கருப்பையையும் நாற்காலியையும் நாம் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்தபோது, அரசு அவற்றை ஒரே பேரேட்டில் வைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. 1971இல் உரிமையாக வாங்காமல் சலுகையாக வாங்கியதை, நாளைக்கு ஒரு அரசு சலுகையைப் போலவே திரும்பக் கேட்டால், தெருவுக்கு வர நம்மில் யாருக்குப் பழக்கம் இருக்கிறது?

8

ஆகவே கோரிக்கை என்று வைத்தால் எளிமையானதுதான். 88ஆம் பிரிவிலிருந்து பெண் நீக்கப்பட வேண்டும். 1971 சட்டத்தின் எழுவாயாக அவள் வர வேண்டும். தொடக்க வாரங்களில் அவள் கேட்பதே போதுமான காரணமாக வேண்டும். சட்டம் கேட்காத கையெழுத்தை எந்த மருத்துவமனையும் கேட்கக் கூடாது, எந்தத் தம்பியும் போடக் கூடாது. இடஒதுக்கீடு பற்றி நாள் முழுக்கக் கத்துகிற நம் கூட்டங்கள் இதற்கும் ஒரு மணி நேரம் கத்த வேண்டும். பிளவு வரும். வரட்டும். பிளவு வராத உரிமை உரிமையா என்று சந்தேகப்படத்தான் வேண்டியிருக்கிறது.

இதை எழுதி முடித்து அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். தமிழ் கொஞ்சம் கஷ்டமாயிருக்கு என்றாள். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டாள்: "ஆஸ்பத்திரியில அன்னைக்கி நீ போட்டது தப்புன்னு எழுதியிருக்க. சரி. தோப்புல நான் போட்டது?"

அதற்குப் பதில் கட்டுரையில் எழுத முடியாது. மறுபடி அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். பத்திர எழுத்தரிடம் போன வாரம் விசாரித்தேன். தானப் பத்திரமாக அவள் பங்கைத் திருப்பி எழுதலாமாம். முத்திரைச் செலவு இவ்வளவு ஆகும் என்றார். அவருக்கு ஒரே ஆச்சரியம். "எதுக்குத் தம்பி இந்த வேலை? பொம்பளப் புள்ள கேட்டுச்சா?"

கேட்டாள் என்று சொன்னேன்.